மண்பாண்டத் தொழிலுக்குக் கடன்: எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் நெல் சாகுபடி செய்பவரும் மண்பாண்டம் செய்பவரும் ஒரே ஏரியை நம்பி வாழ்கின்றனர். ஏரியில் நீர் நின்றால் நெல் விளையும். நீர் வற்றினால்தான் பானைக்கு மண் கிடைக்கும். இருவருக்கும் காலம் தவறினால் தொழில் இல்லை. ஆயினும் கடன் உதவியில் மட்டும் இருவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நெல் சாகுபடியாளருக்கு விதைப்புக்கு முன் பயிர்க்கடன் கிடைக்கிறது. அறுவடை முடிந்த பின் அதைத் திருப்பிச் செலுத்துகிறார். மண்பாண்டத் தொழிலாளருக்குக் கடன் கிடைத்தாலும் அது பெரும்பாலும் எந்த மாதத்திலோ வருகிறது. வந்த அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடுகிறது. சூளையில் நெருப்பே மூட்ட முடியாத ஐப்பசி மாதத்திலும் தவணை நிற்பதில்லை.

சிறு கைத்தொழில்கள் வளர நிதியுதவி எந்த அளவுக்குத் துணை செய்கிறது என்ற கேள்விக்கு இத்தொழில் ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். பணம் போதவில்லை என்பதே எல்லோரும் கூறும் குறை. ஆனால் சற்று ஆராய்ந்தால், பணத்தின் அளவைக் காட்டிலும் அது வந்து சேரும் காலமும், அதைத் திருப்பிச் செலுத்தும் முறையுமே தொழிலின் வளர்ச்சியைத் தீர்மானிக்கின்றன என்பது விளங்கும்.

மண்ணிலிருந்து பானை வரை

பானைக்கு உகந்த மண் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஏரி, குளங்களின் அடியில் படிந்த பசையுள்ள களிமண்ணும் வண்டலும் வேண்டும். கோடையில் வெட்டி எடுத்த மண்ணை உலர்த்தி, கட்டிகளை உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, நீரில் ஊறவைக்க வேண்டும். பிறகு நுண்மணலை அளவாகச் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். மணல் குறைந்தால் உலரும்போது பானை வெடிக்கும். மிகுந்தால் சக்கரத்தில் எழும்பாது.

சக்கரத்தில் கழுத்தும் உடலும் உருவான பானைக்கு அடிப்பாகம் இருக்காது. அது அரைப்பதமாக உலர்ந்த பின், உள்ளே ஒரு கல்லை வைத்துத் தாங்கி, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். பிறகு நிழலிலும் அடுத்து வெயிலிலும் உலர்த்தி, செம்மண் கரைசல் பூசிச் சூளையில் அடுக்க வேண்டும். விறகு, வறட்டி, வைக்கோல் ஆகியவற்றை இட்டு, மேலே மண் பூசி மூடிச் சுடுகின்றனர். ஈரம் முழுவதும் போகாத பானை சூளையில் வெடித்துவிடும்; அருகிலுள்ள பானைகளையும் உடைக்கும். எனவே வெயில்தான் இத்தொழிலின் முதல் மூலதனம் எனலாம்.

ஆண்டுக் கணக்கும் பண முடக்கமும்

இப்பகுதிக்கு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. இத்தொழிலின் பெரிய விற்பனைகளான கார்த்திகை அகல் விளக்கும் பொங்கல் பானையும் இதே மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் வருகின்றன. தேவை மிகும் நாளில் உற்பத்தி செய்ய இயலாது. ஆகவே ஆனி முதல் புரட்டாசி வரையிலான வெயிலில் பானைகளைச் செய்து, சுட்டு, இருப்பு வைக்க வேண்டியுள்ளது.

இதன் பொருள் என்ன? சித்திரை, வைகாசியில் மண் எடுக்கும் கூலியும் வண்டி வாடகையும் செலவாகின்றன. ஆடி, ஆவணியில் விறகு வாங்க வேண்டும். அந்த நான்கைந்து மாதங்களில் வீட்டுச் செலவும் உண்டு. போட்ட பணம் மார்கழிக் கடைசியில்தான் கைக்குத் திரும்புகிறது. ஏறத்தாழ அரை ஆண்டு பணம் முடங்கிக் கிடக்கிறது. கோடையில் தண்ணீர்ப் பானை விற்பனை ஓரளவு கை கொடுத்தாலும், அந்த வரவு பழைய பாக்கிக்கே சரியாகிவிடுகிறது.

கடலூரை அடுத்த வண்டிப்பாளையத்திலும் பண்ருட்டிப் பகுதியிலும் நடைபெறும் கொலு பொம்மைத் தொழிலிலும் நிலைமை இதுவே. நவராத்திரி பத்து நாள் விற்பனைக்காகக் கோடை முழுவதும் அச்சு வார்த்து, உலர்த்தி, வண்ணம் தீட்ட வேண்டும். களிமண், காகிதக் கூழ், வண்ணம் ஆகிய அனைத்துக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும்.

இருப்பில் உள்ள பானைக்கு ஆபத்தும் உண்டு. ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ஆம் நாள். அதாவது பொங்கலுக்குப் பதினாறு நாள் முன்பு. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தைப் பெருமழை வாட்டியது. 2024 நவம்பர் 30-இல் கரையைக் கடந்த ‘ஃபெஞ்சல்’ புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வாரங்கூட இல்லை. விற்பனை வரும் நேரத்திலேயே வெள்ளமும் வருகிறது என்பதைக் கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் மறக்கலாகாது.

முன்பணத்தின் உண்மையான விலை

கையில் பணம் இல்லாதபோது பெரும்பாலோர் வியாபாரியிடம் முன்பணம் பெறுகின்றனர். இதற்கு வட்டி என்று எதுவும் பேசப்படுவதில்லை. பானையின் விலைதான் முன்கூட்டியே பேசப்படுகிறது. இதில் உள்ள இலாப நட்டத்தை ஒரு மாதிரிக் கணக்கால் பார்ப்போம். இதில் உள்ள தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவையே. அவரவர் ஊர் விலையை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு குடும்பம் பொங்கலுக்கு 2,000 பானைகள் சுட்டு எடுக்கிறது என்று கொள்வோம். ஆடியில் வியாபாரியிடம் ரூ.40,000 முன்பணம் பெற்று, பானை ஒன்று ரூ.50 வீதம் கொடுக்க ஒப்புக்கொண்டால், மொத்த வரவு ரூ.1,00,000. சூளை வாசலிலேயே வியாபாரி ஏற்றிச் செல்வார். உடைவும் விற்காத பானையும் அவர் பொறுப்பு.

அதே ரூ.40,000-ஐ ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஆறு மாதக் கடனாகப் பெற்றால் வட்டி ரூ.2,400. பானைகளை மார்கழியில் தாமே சந்தைக்குக் கொண்டுசென்று ரூ.80 வீதம் விற்கலாம். ஆனால் வண்டி வாடகை, கடைத்தரை வாடகை எனச் சுமார் ரூ.12,000 செலவாகும். வழியில் உடைந்தவை 200, விற்காமல் தங்கியவை 100 போக, 1,700 பானைகளுக்குக் கிடைப்பது ரூ.1,36,000. வட்டியும் செலவும் சேர்ந்த ரூ.14,400-ஐக் கழித்தால் மீதம் ரூ.1,21,600. வியாபாரிக்குக் கொடுப்பதைவிட ரூ.21,600 கூடுதல்.

இங்கே இரண்டு உண்மைகள் தெரிகின்றன. முதலாவது, பானைக்கு 30 ரூபாய் வித்தியாசம் என்றதும் 2,000 பானைக்கு ரூ.60,000 கிடைத்துவிடும் என எண்ணுவது தவறு. வியாபாரி ஏற்கும் செலவும் பொறுப்பும் இனி நம் தலையில் விழும். இரண்டாவது, 1,430 பானைகளுக்குக் குறைவாக விற்றால் முன்பண முறையே மேலாகிவிடும். மழையால் 1,200 பானைகளே விற்றால் மீதம் ரூ.81,600 மட்டுமே. எனவே முதல் ஆண்டிலேயே எல்லாப் பானைகளையும் சந்தைக்குக் கொண்டுசெல்வது உகந்ததன்று. பாதியை முன்னரே விலை பேசிக் கொடுத்துவிட்டு, மீதியைத் தாமே விற்பது நல்லது. கையில் கடன் பணம் இருந்தால் அந்தப் பாதிக்கும் நல்ல விலை பேசலாம். மாற்று வழி உள்ளவருக்குத்தான் விலை பேசும் வலிமை உண்டு. நிதியுதவி முதலில் தரும் பயன் இதுவே ஆகும்.

பழைய திட்டங்கள் தந்த பாடம்

கைவினைஞர்களுக்குக் கடன் என்பது புதிய கருத்தன்று. 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையான பின் இத்துறைக்குக் கடன் வழங்கல் விரிவடைந்தது. 1972-இல் மிக ஏழையருக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் வந்தது. 1978-79-இல் தொடங்கி 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம், மானியமும் கடனும் சேர்த்துத் தொழில் கருவிகளை வாங்க உதவியது. 1992-இல் ஊரகக் கைவினைஞர்களுக்கு மேம்பட்ட கருவிகள் வழங்கும் திட்டமும் அதனுடன் சேர்ந்தது. 1999-இல் இவை பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டத்தில் இணைக்கப்பட்டன.

இத்திட்டங்களை ஆராய்ந்தவர்கள் பலரும் சுட்டிய குறை ஒன்று உண்டு. கருவி கிடைத்தது, அதை ஓட்டுவதற்கான நடைமுறை மூலதனம் கிடைக்கவில்லை. கடன் தொகை தேவையைவிடக் குறைவாக இருந்ததால், மீதியை மீண்டும் தனியாரிடமே வாங்க நேர்ந்தது. மாடு வாங்கக் கடன் கொடுத்துவிட்டுத் தீவனத்துக்கு வழி செய்யாதது போன்ற நிலை இது.

ஆய்வுகள் கூறுவது

அண்டை நாடான இலங்கையில் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் 2005-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. மிகச் சிறு தொழில் நடத்துவோரில் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாயைப் பணமாகவோ கருவியாகவோ கொடுத்துப் பார்த்தனர். கூடுதல் மூலதனம் மாதத்துக்குச் சுமார் 5 சதவீத வருவாய் ஈட்டியது. சந்தை வட்டியைவிட இது மிகவும் அதிகம். சிறு தொழிலுக்குப் பணம் கிடைத்தால் அது வீணாவதில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் அதே ஆய்வில் பெண்கள் நடத்திய தொழில்களில் இத்தகைய உயர்வு காணப்படவில்லை. பணம் மட்டுமே எல்லோருக்கும் ஒரே பயனைத் தருவதில்லை என்பதையும் இது உணர்த்துகிறது.

கொல்கத்தாவில் நடந்த மற்றோர் ஆய்வு தவணைக் காலம் பற்றியது. சிறு கடன் பெற்றவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு வாரத்திலேயே தவணை செலுத்தத் தொடங்கினர். மற்றொரு பகுதியினருக்கு இரண்டு மாத அவகாசம் தரப்பட்டது. அவகாசம் பெற்றவர்கள் தொழிலில் கூடுதலாக முதலிட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களின் இலாபம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே வேளையில், கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியவர்களும் அவர்களிடையே அதிகம். உடனே தவணை கட்ட வேண்டுமென்றால் பணத்தில் ஒரு பகுதியைத் தவணைக்கென்றே ஒதுக்கி வைக்க நேர்கிறது. அது சூளைக்குள் போவதில்லை. அவகாசம் கொடுத்தாலோ வங்கிக்குச் சிறிது ஆபத்து கூடுகிறது. இரண்டையும் எடை போட்டே முடிவு செய்ய வேண்டும்.

2015-இல் ஆறு நாடுகளின் சிறுகடன் ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. சிறுகடன் ஏழைக் குடும்பங்களின் வருவாயைத் தலைகீழாக மாற்றிவிடவில்லை. பயன் மிதமானதே என்பது அவற்றின் பொது முடிவு. கடனே வளர்ச்சி என்று எண்ணுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எந்திரச் சக்கரம் வாங்குமுன்

கடன் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மின்சாரச் சக்கரம். கைச் சக்கரத்தைச் சுழற்றும் உழைப்பு இதனால் மிச்சமாகிறது. முதியவரும் பெண்களும் எளிதாக வேலை செய்யலாம். இது நல்ல கருவியே, ஐயமில்லை. ஆனால் தொழிலில் எந்த இடத்தில் வேலை தேங்குகிறது என்று பார்த்த பின்னரே கடனை எதற்குச் செலவிடுவது என முடிவு செய்ய வேண்டும்.

நாளொன்றுக்கு இரு மடங்கு பானை சக்கரத்திலிருந்து இறங்கினாலும், உலர்த்த இடமில்லையென்றால் என்ன பயன்? திடீர் மழையில் நனைந்த பச்சைப் பானை மீண்டும் மண்ணாகிவிடும். பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் தேவை, சாரல் படாத ஓர் உலர்த்தும் கொட்டகையும் இருப்பு அறையும் ஆகும். இரண்டாவது, மழை நீர் தேங்காத மேட்டில் கூரையுடன் கூடிய சூளை. மூன்றாவது, கோடையிலேயே மண்ணும் விறகும் வாங்கி வைக்க நடைமுறை மூலதனம். சக்கரமும் மண் பிசையும் எந்திரமும் இவற்றுக்குப் பின் வரலாம். இந்த வரிசை மாறினால் கடன் சுமையாகும்.

கிடைக்கும் உதவிகள்

கைவினைஞர்களுக்கென மத்திய அரசு 2023 செப்டம்பர் 17-இல் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. மண்பாண்டம், பாய் முடைதல் உள்ளிட்ட 18 தொழில்களுக்கு, இரு கட்டங்களாக ரூ.3 லட்சம் வரை 5 சதவீத வட்டியில் கடன் தருவது அதன் அமைப்பு. குடும்பத் தொழிலை அடிப்படையாகக் கொள்ளும் விதியை ஏற்க இயலாது என்று கூறிய தமிழக அரசு, அதை நடைமுறைப்படுத்தாமல், கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 வகைக் கைத்தொழில்களுக்கு ரூ.3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், உச்ச அளவு ரூ.50,000 மானியம், 5 சதவீதம் வரை வட்டி மானியம் என்பன அதன் கூறுகளாக அறிவிக்கப்பட்டன. 35 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும், மாவட்டத் தொழில் மையம் வழியே செயல்படும் என்றும் விதிகள் வகுக்கப்பட்டன.

இவை தவிர, 2015 முதல் வழங்கப்படும் முத்ரா கடனும் உண்டு. 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகத் தொழிலுக்கு 25 முதல் 35 சதவீதம் வரை மானியம் வகுக்கப்பட்டது. மழைக்காலத்தில் தொழில் நின்றுபோகும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு நிவாரணத் தொகையும் வழங்கி வந்துள்ளது. திட்ட விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆகவே விண்ணப்பிக்குமுன் கடலூரிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நடப்பு விதிகளைக் கேட்டறிந்துகொள்வது நன்று.

பணத்துக்கு நிகரான உதவி ஒன்றும் உண்டு. அதுவே மண். ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க விவசாயிகளுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியரே கட்டணமின்றி அனுமதி வழங்கும்படி 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இந்த அனுமதியைச் சித்திரையிலேயே பெற்றுவிட வேண்டும். ஏரிக்கு நீர் வந்த பின் கையில் அனுமதி இருந்தும் பயனில்லை.

வங்கிக்குச் செல்லுமுன்

வங்கிக் கடன் நாடுவோர் கீழ்க்கண்டவற்றைக் கவனிப்பது நலம்.

1. ஓராண்டு வரவு செலவை மாதவாரியாக ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். எந்த மாதம் பணம் போகிறது, எந்த மாதம் வருகிறது என்பது வங்கி மேலாளருக்கு ஒரே பார்வையில் விளங்க வேண்டும்.

2. பங்குனி, சித்திரையிலேயே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஆடிக்குள் பணம் கைக்கு வராவிட்டால் அந்த ஆண்டுக்கு அது உதவாது. ஐப்பசியில் வரும் கடன் வீட்டுச் செலவில் கரைந்துவிடும்.

3. கொட்டகை, சூளை, சக்கரம் ஆகியவற்றுக்கு நீண்ட தவணைக் கடனும், மண், விறகு, கூலிக்கு நடைமுறை மூலதனக் கடனும் எனத் தனித்தனியே கேட்க வேண்டும். பின்னது காசுக்கடன் கணக்காக இருந்தால், எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி விழும்.

4. முதல் தவணையைத் தை மாதத்திலிருந்து தொடங்குமாறும், மழை மாதங்களில் வட்டி மட்டும் கட்டுமாறும் அமைத்துத் தர எழுத்து மூலம் கோர வேண்டும். பயிர்க்கடனுக்கு உள்ள அதே நியாயம் இதற்கும் உண்டு.

5. சூளையில் அடுக்கியது எத்தனை, நல்லதாக எடுத்தது எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எண்ணி எழுத வேண்டும். உடைவைக் குறைப்பது கடன் வாங்காமலே வருவாயைக் கூட்டும் வழியாகும்.

6. இருப்புப் பானைக்குக் காப்பீடு கிடைக்குமா என்று கடன் பெறும்போதே வங்கியில் கேட்க வேண்டும்.

7. மானியத்தை எண்ணிக் கடன் வாங்கலாகாது. மானியம் இல்லாவிட்டாலும் தொழில் தவணையைத் தாங்குமா என்பதே கேள்வி.

தனியொருவர் வண்டி வைத்துச் சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பானை அனுப்புவது கட்டுபடியாகாது. ஐந்தாறு குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்தால் ஒரே லாரியில் ஏற்றலாம். விறகையும் மொத்தமாக வாங்கலாம். குழுவில் மகளிர் பெயரும் இருக்க வேண்டும். மண் மிதிப்பது, அகல் விளக்கு செய்வது, உலர்த்துவது எனப் பாதி வேலை அவர்களுடையது. ஆனால் கடன் ஏட்டிலும் விற்பனைப் பணத்திலும் அவர்கள் பெயர் இல்லாமற்போனால், குடும்பத்தின் உழைப்பில் பாதி கணக்கில் வராது.

விவசாயிகளும் உதவலாம்

இம்மாவட்டத்தில் சவுக்கும் முந்திரியும் மிகுதி. கவாத்து செய்த மிலார்களையும், மீந்த வைக்கோலையும் வயலிலேயே எரிக்காமல் ஊரிலுள்ள சூளைக்குத் தந்தால் இருவருக்கும் ஆதாயம். ஏரி வண்டலை நிலத்துக்கு அடிக்கும்போது, பசையுள்ள களிமண் படிந்த பகுதியைப் பானைக்கென விட்டுவைக்கலாம். நாற்றங்காலுக்கும் தோட்டத்துக்கும் வேண்டிய மண்தொட்டிகளை ஆவணியிலேயே சொல்லிவைத்து முன்பணம் கொடுத்தால், அதுவும் வட்டியில்லா நிதியுதவியே ஆகும்.

பருவம் தவறி வந்த மழை பயிருக்கு உதவாதது போலவே, பருவம் தவறி வந்த கடனும் தொழிலுக்கு உதவாது. வரும் சித்திரையில் மண் வெட்டப் புறப்படும் நாளிலேயே கடன் மனுவும் வங்கிக்குப் புறப்பட்டால், அடுத்த தையில் பொங்கும் பானையின் இலாபம் அதைச் செய்த கைகளுக்கே வந்து சேரும்.